பெயர் கொடுத்த சுரங்கங்கள் போன பின்: கோரி பேண்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

வேல்ஸ் நாட்டுப் பித்தளை வாத்தியக் குழுக்களைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது. பகலெல்லாம் நிலத்தடியில் கரி வெட்டியவர்கள் மாலையில் முகம் கழுவிக்கொண்டு கார்னெட் என்ற சிறு ஊதுகருவியைக் கையில் எடுத்தார்கள். கரித்தூள் அடைத்த நெஞ்சிலிருந்து தேனாக இசை வந்தது. பிறகு சுரங்கம் மூடியது. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடிக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது கோரி பேண்டு. தென் வேல்ஸில் ரொந்தா பள்ளத்தாக்கின் டான் பென்ட்ரே என்ற ஊரில் 1884-இல் தொடங்கிய குழு இது. 1895 முதல் ஒரு நிலக்கரி முதலாளியின் பெயரைச் சுமந்து வருகிறது. அந்தக் குடும்பத்து நிறுவனம் சுரங்கங்களை வைத்திருந்த காலம் முழுவதும் குழு பிரிட்டனின் தேசியப் பட்டத்தை ஒரு முறைகூட வெல்லவில்லை. முதல் பட்டம் வந்தது 1974-இல்; சுரங்கங்கள் அரசுடைமையாகி அதற்குள் 27 ஆண்டுகள் ஓடிவிட்டன. ரொந்தாவின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. குழு உலகின் முதல் வரிசைக்குப் போனது அதற்கும் பத்தாண்டு கழித்து. கரி இருந்தபோது வராத வெற்றி கரி தீர்ந்த பிறகு எப்படி வந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

குடிக்காதவர்களின் குழு

1850 வாக்கில் ரொந்தாவின் மேல்பகுதியில் ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். ஆடு மேய்த்தல், மரம் வெட்டுதல், ஞாயிறன்று தேவாலயம், அவ்வளவுதான் வாழ்க்கை. கப்பல்களுக்கான புகை குறைந்த நீராவிக் கரி பூமிக்குள் இருப்பது தெரிந்ததும் நிலைமை தலைகீழானது. 1911 கணக்கெடுப்பில் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. குறுகலான பள்ளத்தாக்கு என்பதால் வீடுகள் மலைச்சரிவில் ஒன்றோடொன்று ஒட்டி, ரயில் பெட்டிகளைக் கோத்தது போல நீண்டன.

வேலைக்கு வந்த இளைஞர்களுக்குக் கையில் கூலி இருந்தது. செலவழிக்க மதுக்கடை இருந்தது. அதைக் கண்டு தேவாலயங்கள் கலங்கின. 1881-இல் வேல்ஸ் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடும் சட்டம் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து டான் பென்ட்ரேயில் தொடங்கப்பட்ட குழுவின் பெயர் ‘டான் மதுவிலக்குக் குழு’. மாலை நேரத்தை மதுக்கடையிடமிருந்து பிடுங்கிப் பயிற்சி அறைக்குக் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்று கேட்காமல் விடுவது நாகரிகம். ஊதி ஊதித் தொண்டை வறண்டவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பது பேண்டு உலகத்தின் பழைய நகைச்சுவை.

ஒன்றை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கோரி என்ற பெயர் ஒட்டுவதற்கு முன்பே பதினோரு ஆண்டுகள் இது ஊர்க்காரர்களின் குழுவாக இருந்தது.

ஏன் பித்தளை?

பாட்டுக்குப் பேர்போன நாடு வேல்ஸ். தேவாலயத்துக்கு ஒரு பாடற்குழு இருந்த இடத்தில் இந்த ஊதுகருவிகள் எப்படி வேரூன்றின? விலை ஒரு காரணம்; தொழிற்சாலை உற்பத்தி கருவிகளை மலிவாக்கியது. அதைவிட முக்கியமானது கருவியின் அமைப்பு.

கார்னெட்டில் மூன்று வால்வுகள். வலக்கையின் மூன்று விரல்கள் போதும். அவற்றை அழுத்தியும் விட்டும் எல்லாச் சுரங்களையும் எடுக்கலாம். மீதி வேலை உதட்டுக்கு. வயலினுக்கு வேண்டிய மெல்லிய விரல்நுனி இதற்குத் தேவையில்லை. மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்துக் காய்த்துப்போன கைக்கும் இது வசப்படும். அடோல்ஃப் சாக்ஸ் வடிவமைத்த சாக்ஸ்ஹார்ன் என்ற ஊதுகருவி வகையை 1840-களில் டிஸ்டின் என்ற இசைக் குடும்பம் பிரிட்டன் முழுக்க வாசித்துக் காட்டியது. சிறியது முதல் பெரியது வரை எல்லாம் ஒரே விரலமைப்பு. பேண்டு உலகம் இதை இன்னொரு படி எடுத்துச் சென்றது. பாஸ் டிராம்போனைத் தவிர எல்லாக் கருவிகளுக்கும் இசைக்குறிப்பை ‘ட்ரெபிள் கிளெஃப்’ என்ற ஒரே குறியீட்டு முறையில் எழுதும் வழக்கம் வந்தது. கார்னெட் வாசித்தவரைத் திங்கட்கிழமை டெனர் ஹார்னில் உட்கார வைத்தாலும் அவருடைய விரல்களுக்கு எல்லாம் பழைய பாடமே.

ஒரு சிற்றூருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது யோசித்தால் புரியும். 25 ஊதுகலைஞர்களும் சில தாளக்காரர்களும் கொண்ட குழுவில் யூஃபோனியக்காரர் விபத்தில் கை ஒடிந்து கிடந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் நகர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம். எந்த நாளிலும் யாருக்கும் எதுவும் ஆகலாம் என்ற ஊரில் உருவான ஏற்பாட்டுக்கு ஏற்ற கருவி இது. சிறுவன் கார்னெட்டில் தொடங்கி, ஹார்னுக்கு நகர்ந்து, தலை நரைக்கும்போது பெரிய டியூபாவில் போய் முடிவதும் உண்டு.

மூன்று வகைப் பணம்

கருவிகளுக்கும் சீருடைக்கும் காசு வேண்டும். அதை எங்கே தேடினார்கள் என்பதில்தான் குழுக்களின் தலையெழுத்து இருந்தது. சில மைல் தூரத்துக்குள்ளேயே மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி மெர்த்தர் டிட்வில் ஊரில். அங்கே கவர்த்வா இரும்பு ஆலையின் முதலாளி ராபர்ட் தாம்சன் க்ராஷே 1838-இல் தனக்கென ஒரு குழுவை அமைத்தார். லண்டனிலிருந்தும், ஊர் ஊராகப் போகும் மிருகக்காட்சிக் கூட்டத்திலிருந்தும்கூட ஆட்களை வரவழைத்தார். ஆலையில் வேலை கொடுத்தார். குழு அவருடைய கோட்டை மாளிகை விருந்துகளில் வாசித்தது. 1860-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் போட்டியில் பரிசும் பெற்றது. ஐரோப்பிய ஓபராக்களையும் சிம்பொனிகளையும் பித்தளைக்கு மாற்றி எழுதிய அதன் இசைப் புத்தகங்களைப் பார்த்தால் அந்தக் கலைஞர்களின் திறமை வியக்க வைக்கிறது. ஆனால் குழு முதலாளியின் சொத்து. க்ராஷே 1879-இல் இறந்தார். அதன்பின் பெயர் சில காலம் தொடர்ந்தாலும் பழைய பவிசு திரும்பவில்லை. கருவிகளும் புத்தகங்களும் இன்று அதே மாளிகையின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இரண்டாவது வழி, டான் பென்ட்ரேயிலிருந்து நடந்தே போகக்கூடிய ட்ரியோர்க்கியில். பார்க், டேர் என்ற இரு சுரங்கங்களின் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பவுண்டுக்கு ஒரு பென்னி வீதம் ஒதுக்கித் தங்களுக்கென மன்றம் கட்டினார்கள். அந்த மன்றம் இன்றும் நிற்கிறது. ‘பார்க் அண்ட் டேர்’ பெயரில் பேண்டும் இருக்கிறது. உழைத்தவர்களின் காசில் உழைத்தவர்களின் குழு. எனக்கு மனத்துக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்கவில்லை.

மூன்றாவது வழி கோரியுடையது. ஜான் கோரியும் அவர் தம்பி ரிச்சர்டும் கார்டிஃபில் கரி ஏற்றுமதி செய்தவர்கள். போர்ட் சையது, ஏடன் என்று கப்பல் போகும் வழியெல்லாம் கரிக்கிடங்குகள் வைத்திருந்தார்கள். ரொந்தாவில் பென்ட்ரே, கெல்லி முதலிய சுரங்கங்கள் அவர்கள் கையில். ஜானின் மகன் கிளிஃபர்டு கோரி 1895-இல் மதுவிலக்குக் குழுவின் வாசிப்பைக் கேட்டுப் பண உதவிக்கு முன்வந்தார். குழு அவருடைய குடும்பப் பெயரைச் சூடிக்கொண்டது. தமிழில் படிக்கும்போது ‘கோரி’ என்ற சொல் ஏதோ விண்ணப்பத்தின் கடைசி வரி போல ஒலிக்கிறது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தமாக இருக்கிறது.

இந்த மூன்றாவது வழியில் ஒரு நெருடல் உண்டு. கிளிஃபர்டு கோரி பிற்பாடு லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினராகி, ‘பாரனட்’ என்ற பரம்பரைப் பட்டமும் பெற்றவர். அவர் முதலாளித் தரப்பு. வாசித்தவர்களில் பலர் தொழிலாளர் தரப்பு. 1898-இல் தென் வேல்ஸ் சுரங்கங்களில் பல மாதக் கதவடைப்பு. 1910-இல் அருகிலுள்ள டோனிபாண்டியில் கலவரம். 1926-இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் ஒன்பது நாளில் முடிந்தாலும் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். அந்தக் கோடையில் பள்ளத்தாக்குத் தெருக்களில் ‘கசூக்கா’ என்ற மலிவான தகர ஊதியை வைத்துக்கொண்டு வேடமிட்ட கூட்டங்கள் ஊர்வலம் போயின. கையில் காசில்லாதவர்களுக்கு அதுவும் ஒரு பேண்டுதான். முதலாளியின் பெயரைச் சீருடையில் குத்திக்கொண்டு முதலாளிக்கு எதிரான ஊரில் வாழ்வது எளிதாக இருந்திருக்காது.

ஆனால் கோரி குடும்பம் உதவி செய்ததே தவிர, குழுவை க்ராஷேயைப் போல வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளவில்லை. பயிற்சியும் ஆள் சேர்ப்பும் ஊரிலேயே நடந்தன. புரவலர் போனால் அடுத்த புரவலரைத் தேடலாம் என்ற நிலை அப்போதே உருவாகிவிட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அடிப்படை இது என்று கருதுகிறேன்.

திரைக்குப் பின்னால் நடுவர்

1900-இல் கிரிஸ்டல் பேலஸில் தேசியப் போட்டி தொடங்கியது. 1936-இல் அந்தக் கண்ணாடி மாளிகை எரிந்து போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போட்டி லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. நடக்கும் விதம் பெரிதாக மாறவில்லை. எல்லாக் குழுக்களுக்கும் ஒரே படைப்பு. வரிசை குலுக்கலில் முடிவாகும். நடுவர்கள் மண்டபத்தின் நடுவே துணியால் மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பார்கள். மேடைக்கு வருவது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. முந்தைய குழுவுக்கான குறிப்பை எழுதி முடித்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு விசில் வரும். அதன் பிறகுதான் நடத்துநர் கோலைத் தூக்குவார்.

ஒரே படைப்பைக் காலையிலிருந்து மாலை வரை இருபது தடவை கேட்பது பார்வையாளருக்குச் சோதனைதான். ஆனால் குழுவுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சீருடையில் யார் பெயர், குழுவில் யார் மகன், எந்தச் சுரங்கம் என்ற எதுவும் அந்தத் துணியைத் தாண்டாது. பெரும்பாலான குழுக்கள் வட்டாரப் போட்டியில் தேறித்தான் லண்டனுக்குப் போக முடியும். தொடர்ந்து சறுக்கினால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். வாசிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. போட்டிக்கு முந்தைய வாரங்களில் வேலை முடிந்து வந்து இரவுதோறும் படைப்பின் நான்கைந்து தாளக்கட்டுகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசிப்பவர்களை வெளியிலிருந்து பார்த்தால் பித்துப் பிடித்தவர்கள் என்றே தோன்றும்.

வானொலி வந்தபோதும் கோரி பின்தங்கவில்லை. கார்டிஃப் நிலையம் தொடங்கிய 1923-இலேயே குழுவின் வாசிப்பு ஒலிபரப்பானது. பித்தளை வாத்தியக் குழுக்களின் மிக ஆரம்பகால ஒலிபரப்புகளில் அது ஒன்று. பெயர் பரவியது. பட்டம் மட்டும் வரவில்லை. தேசிய வெற்றியாளர் பட்டியலைப் புரட்டினால் 1900 முதல் 1973 வரை ஒரு வேல்ஸ் குழுவின் பெயர்கூட இல்லை.

இதற்கிடையே கோரி நிறுவனத்தின் சுரங்கங்கள் 1942-இல் பவல் டஃப்ரின் நிறுவனத்துக்குக் கைமாறின. 1947 ஜனவரி 1 முதல் எல்லாச் சுரங்கங்களும் அரசுக்கு. சுரங்க முதலாளியாகக் கோரி என்று யாரும் இல்லை. கிளிஃபர்டு கோரியும் 1941-இலேயே இறந்துவிட்டார். குழு அந்தப் பெயரைக் கழற்றவில்லை. பறம்புமலை போனாலும் பாரியின் பெயர் நின்றது போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே வேறுபாடு, இங்கே புரவலர் முல்லைக்குத் தேர் கொடுத்தவர் அல்லர். கணக்குப் பார்க்கத் தெரிந்த கரி வியாபாரி.

1974, பிறகு 1984

மேஜர் ஆர்தர் கென்னி என்ற நடத்துநரின் கீழ் 1974-இல் ஆல்பர்ட் மண்டபத்தில் கோரி வென்றது. தேர்வுப் படைப்பு மால்கம் ஆர்னால்டு எழுதியது. வேல்ஸுக்கு அதுவே முதல் தேசியப் பட்டம். 1980-இல் ஐரோப்பியப் பட்டம் வந்தது. 1982, 1983, 1984 என்று தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம்; மூன்றிலும் நடத்துநர் கென்னியே.

அந்த மூன்றில் முதலாவது தனிக்கதை. வில்ஃப்ரெட் ஹீட்டன் எழுதிய அந்தப் படைப்பு முதலில் 1973 போட்டிக்கென உருவானது. அப்போது வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் தேர்வுப் படைப்பாக வந்தது. பேண்டு உலகம் புதுமைக்கு எவ்வளவு தயங்கும் என்பதற்கு இது ஓர் அடையாளம். பழைய ஓபராப் பாடல்களின் தொகுப்புகளை வைத்துக்கொண்டே காலம் தள்ளும் பழக்கத்திலிருந்து வெளியே வந்து கடினமான புதிய இசையைக் கற்றுக்கொண்ட குழுக்களுக்குத்தான் இனி எதிர்காலம் என்பது 1980-களில் தெளிவானது. கோரி கற்றுக்கொண்டது.

1984 குழுவின் நூற்றாண்டு. மார்ச் மாதம் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ரொந்தாவில் அப்போது மிச்சமிருந்த ஒரே சுரங்கம் மார்டி. முந்தைய ஆண்டுதான் லூயிஸ் மெர்த்தர் மூடப்பட்டிருந்தது. அக்டோபரில், வேலைநிறுத்தத்தின் எட்டாவது மாதத்தில், கோரி லண்டனுக்குப் போய் எட்வர்டு கிரெக்சனின் புதிய படைப்பை வாசித்துத் தொடர்ச்சியான மூன்றாவது பட்டத்தோடு திரும்பியது. 1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. மார்டி தொழிலாளர்கள் ஒருவர்கூடக் கட்டுப்பாட்டை மீறவில்லை; பேண்டு முன்னே முழங்க, கொடி பிடித்துச் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். ஒரே பள்ளத்தாக்கில் சில மாத இடைவெளியில் ஒரு பேண்டு வெற்றியோடு ஊர் வந்ததும், இன்னொரு பேண்டு தோல்விக்கு வழி நடத்திச் சென்றதும் நடந்தன. உருக்கமான கதை எழுதுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு.

நாற்காலி, தொலைக்காட்சி, கோப்பை

அடுத்த புரவலர்கள் கரிக்காரர்கள் அல்லர். சோஃபா, நாற்காலி செய்த கிறிஸ்டி டைலர் நிறுவனம் ஒரு காலம். தொலைக்காட்சியையும் வீட்டுச் சாமான்களையும் காசு போடும் மீட்டரோடு தவணைக்குக் கொடுத்த ‘பை ஆஸ் யூ வியூ’ இன்னொரு காலம். 2000-இல் குழு மீண்டும் தேசியப் பட்டம் வென்றது அந்தப் பெயரை முன்னால் ஒட்டிக்கொண்டுதான். கச்சேரி அறிவிப்பில் அதைப் படிப்பவருக்கு இசைக்குழுவா கடை விளம்பரமா என்று குழப்பம் வந்திருக்கும். சுரங்கத் தொழிலாளியிடம் சம்பாதித்த கோரியின் பணமும், தவணைக்காரரிடம் வசூலித்த பணமும் எந்த அளவுக்கு வேறு என்று கேட்டால் என்னிடம் தயாரான பதில் இல்லை. கிறிஸ்டி டைலர் 2005-இல் நொடித்தது. தவணைக் கடை 2017-இல். குழு இரண்டுக்கும் பிறகு இருக்கிறது, வெறும் ‘கோரி’யாக.

2000 முதல் 2012 வரை நடத்துநர் ராபர்ட் சைல்ட்ஸ். அவரும் சகோதரர் நிக்கலஸும் யூஃபோனியத்தில் பேர் வாங்கியவர்கள். நிக்கலஸ் நடத்தியது கோரியின் பரம எதிரியான யார்க்ஷயரின் பிளாக் டைக் குழுவை. ஆல்பர்ட் மண்டபத்தில் அண்ணன் தம்பி போட்டி என்றால் ரசிகர்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமா? ராபர்ட் காலத்தில் 2008, 2009, 2010 என மூன்று ஐரோப்பியப் பட்டங்கள். அவருக்குப் பின் வந்த ஃபிலிப் ஹார்ப்பர் காலத்தில் 2016-இல் ஐரோப்பியப் போட்டி, பிரிட்டிஷ் ஓபன், தேசியப் போட்டி, பிராஸ் இன் கான்சர்ட் ஆகிய நான்கும் ஒரே ஆண்டில். அதுவரை எந்தக் குழுவும் செய்யாதது. 2019-இல் மறுபடியும்.

இந்த வெற்றிகளைக் கரியைக் கொண்டு விளக்க முடியாது. போருக்குப் பிந்தைய வேல்ஸில் உள்ளாட்சி அமைப்புகள் பள்ளிகளுக்கு இசை ஆசிரியர்களை அனுப்பின. கருவிகளைக் கடனாகக் கொடுத்தன. உலகின் முதல் தேசிய இளைஞர் இசைக்குழு 1945-இல் அமைந்தது வேல்ஸில்தான். கார்டிஃபின் இசைக் கல்லூரியில் பித்தளை வாத்தியம் முறையான படிப்பானது. சாலைகள் மேம்பட்டன, வேறு ஊரில் வேலை பார்ப்பவரும் மாலையில் காரில் பயிற்சிக்கு வர முடிந்தது. ஒரு தெருவின் சிறந்த கார்னெட்காரரை வைத்து வாசித்த குழு, ஒரு நாட்டின் சிறந்தவர்களை வைத்து வாசிக்கத் தொடங்கியது. பெண்களுக்கு நெடுங்காலம் மூடியிருந்த கதவு திறந்ததும் தேர்ந்தெடுக்க இன்னொரு பாதி மக்கள் கிடைத்தார்கள்.

இதற்கு விலையும் உண்டு. டான் பென்ட்ரே பையனுக்குக் கோரியில் இடம் என்பது இயல்பாகக் கிடைக்கும் உரிமையாக இனி இல்லை. தெருவில் பிறந்ததால் யாருக்கும் நாற்காலி ஒதுக்கப்படுவதில்லை. ஊர்க்குழு என்ற சொல்லை அந்தப் பழைய பொருளில் ‘பார்க் அண்ட் டேர்’ போன்றவைதான் தாங்குகின்றன. கோப்பைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் கோரியை அளப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழுவின் இன்றைய பலவீனமும் அங்கேயே இருக்கிறது. புரவலர் போனால் வேறொருவர் கிடைப்பார் என்பதை 130 ஆண்டுகள் காட்டிவிட்டன. பள்ளியில் கருவி கற்ற பிள்ளைகள் வருவது நின்றால் அதற்கு மாற்று இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிதி நெருக்கடியில் சிக்கிய உள்ளாட்சி அமைப்புகள் முதலில் கை வைத்த இடங்களில் இசை வகுப்பும் ஒன்று. பல இடங்களில் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டிய நிலை வந்தது. பென்னி பென்னியாகச் சேர்த்து மன்றம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கார்னெட் வகுப்பு எட்டாக் கனியாயிற்று. 2022 மே மாதம் வேல்ஸ் அரசு தேசிய இசைச் சேவை என்ற திட்டத்தை அறிவித்து மூன்று ஆண்டுகளுக்கு 1.35 கோடி பவுண்டு ஒதுக்கியது. அந்த ஆண்டில் ஏழு வயதில் முதல் முறையாகக் கார்னெட்டை உதட்டில் வைத்த குழந்தைக்கு இருபது வயதாகும்போது 2035 ஆகியிருக்கும். கோரியின் முன்வரிசை நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள் என்பதை அப்போது போய்ப் பார்க்க வேண்டும்.